ஊட்டி ஐ.பி. வக்கீல் ஐயா யாரைக் காப்பாற்றினார்?

2025 செப்டம்பர் 14, கட்டபெட்டு வாசகர் ஒருவர் எழுப்பியது

ஊட்டியில் ஐ.பி. கேஸ் (கடனைக் கட்ட முடியாதவர் கோர்ட்டில் போடும் திவால் மனு) பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் தவறிவிட்டாராம். ஆளாளுக்கு அவர் தெய்வம், கடன்பட்ட குடும்பங்களைக் கரையேற்றியவர் என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் அவருக்கு 'மஞ்சக் கடுதாசி வக்கீல்' என்றுதான் பெயர். எங்கள் அம்மாயி எருமை விற்ற காசு 20,000 ரூபாயைக் கைமாற்றாகக் கொடுத்திருந்தார். ஒரு நாள் கோர்ட் நோட்டீஸ் வந்தது, அத்தோடு அந்தப் பணம் போனது. வாங்கின கடனைக் கொடுக்காமல் தப்பிக்க வழி சொல்லிக் கொடுத்தவரை எதற்கு இவ்வளவு புகழ வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 14, இரவு

எனக்குத் தெரியும், சொல்கிறேன். அவர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். அதற்கு முன்னால் எங்கள் அப்பாவின் பின்னால் அதே மாடிப்படியைக் கடன்பட்டவர் வீட்டுப் பிள்ளையாக ஏறியவள்.

முதலில் ஒரு விஷயம். அந்தப் படி ஏறி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் ஐ.பி. மனு போட்டதே இல்லை. கணக்குப் பார்ப்பார், பேசுவார், இதை விற்று அதை அடையுங்கள், இன்னாரிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுவார். வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் மனு. ஊருக்குத் தெரிந்தது அந்த மனுக்கள் மட்டும். நோட்டீஸ் போகிறதே, தெரியாமல் இருக்குமா? பேசித் தீர்த்தவை யாருக்கும் தெரியாமலே போய்விட்டன.

அம்மாயியின் பணத்தைப் பற்றி உடனே எதையாவது எழுதிவிட மனம் வரவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

செப்டம்பர் 15

அவரிடம் போகும் முதல் நாள் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

'எவ்வளவு கடன்?' என்று கேட்க மாட்டார். 'யார் யாருக்கு?' என்றுதான் ஆரம்பிப்பார். எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் மனதில் தயாராக வைத்திருக்கும் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். யார் என்று கேட்டால் ஒவ்வொரு முகமாக ஞாபகத்துக்கு வரும்.

கேத்தி பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள். ஜவுளிக்கடைப் பை நிறையக் காகிதம். அதை மேஜை மேல் கொட்டச் சொன்னார். கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ்புக், மேட்டுப்பாளையம் மண்டிச் சீட்டுகள், பென்சிலில் எழுதின பாக்கெட் டைரி. ஒவ்வொன்றாக எடுத்து அவர் படிக்க, நான் அடித்தேன். முடிந்தது என்று அவர்கள் சொன்னதும் 'வேற?' என்றார். மச்சினனிடம் வாங்கினது வந்தது. 'வேற?' மாரியம்மன் கோயில் பண்டு. 'வேற?' கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, அதிலிருந்து எட்டாக மடித்த அடகுச் சீட்டு ஒன்றைப் பிரித்து வைத்தார். கம்மல். மகள் காலேஜ் பீஸுக்காக வைத்தது. புருஷனுக்குத் தெரியாது. அவர் மனைவியைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. வக்கீல் ஐயா என் பக்கம் திரும்பி, 'சீட்டு நம்பரையும் சேர்த்து அடிம்மா' என்றார். அப்புறம் கீழே இருந்து டீயும் வர்க்கியும் வரவழைத்தார்.

டீ குடித்து முடிப்பதற்குள் கூட்டி முடித்திருந்தேன். அவர்கள் பயந்திருந்ததைவிடத் தொகை குறைவு. எல்லோருக்கும் அப்படி ஆகாது, கூடிப்போய்த் தலையில் கை வைத்தவர்களும் உண்டு. இவர்களுக்கு மனு தேவைப்படவில்லை. இவனிடம் வாங்கி அவனுக்குக் கட்டுவதை நிறுத்தச் சொன்னார். கம்மலைத் தனியார் அடகுக் கடையிலிருந்து மீட்டுக் குறைந்த வட்டிக்குக் கூட்டுறவு வங்கியில் வைக்கச் சொன்னார். லோடு போகும்போதெல்லாம் மண்டிக்காரர் முழு முன்பணத்தையும் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி மட்டும் பிடிக்கச் சொல்லி ஐயாவே போனில் பேசினார்.

செப்டம்பர் 16

புதுத் திவால் சட்டம் வந்துவிட்டது, பழைய ஐ.பி. எல்லாம் இனி இல்லை என்று குன்னூர் நண்பர் எழுதியது சரியில்லை. 2016இல் திவால் சட்டத்தொகுப்பு வந்தது உண்மை. ஆனால் அதில் தனி மனிதர்களுக்கான பகுதியை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் கொண்டுவந்திருக்கிறார்கள். சாதாரண விவசாயி, கடைக்காரர், சம்பளக்காரர் எல்லோருக்கும் இன்றைக்கும் 1920ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம்தான் (நொடிப்பு என்றால் திவால்). சென்னை நகரத்துக்கு மட்டும் 1909ஆம் வருடத்துச் சட்டம். 500 ரூபாய் கடன் இருந்து, அதைக் கட்ட முடியாவிட்டாலே மனு போடலாம் என்று 1920இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது.

புதுத் தொகுப்பில் ஏழைகளுக்கென்றே ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு இல்லை என்றால் அந்தக் கடனை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தப் பகுதி இன்னும் அமலுக்கே வரவில்லை. ஐயா அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். 'இது வந்தா எனக்குப் பாதி வேலை இல்லம்மா' என்பார். வரவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் சொல்வார்.

செப்டம்பர் 18

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இதுதான்.

அரவேனு பக்கம் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் எல்லாம் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருந்த படகர் குடும்பங்கள், எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள். மாதம் முழுக்க நோட்டில் எழுதி வாங்குவார்கள், பேக்டரியில் இலைக்காசு போட்டதும் கட்டுவார்கள். சோவியத் யூனியன் இருந்தவரை நம் மலைத் தேயிலையை அவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அது உடைந்த பிறகும் சில வருடம் நன்றாகத்தான் ஓடியது. 1999, 2000இல் விலை விழுந்தது பாருங்கள், இரட்டை இலக்கத்தில் விற்ற பச்சை இலை ஐந்து ஆறு ரூபாய்க்கு வந்துவிட்டது. பறிகூலிக்கே கட்டாது என்று சிலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அப்பாவின் நோட்டு தடித்துக்கொண்டே போனது. மேட்டுப்பாளையம் மொத்த வியாபாரிக்கு அப்பா கட்ட வேண்டியதும் ஏறியது. நடுவில் தண்டல்காரர் ஒருவர் வேறு.

அப்பா ஐ.பி. கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணித்தான் ஊட்டிக்குப் போனார். டைப்பிங் ஹையர் முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் துணைக்குப் போனேன். பட்டியல் எழுதி முடித்ததும் ஐயா கேட்டார்: 'நீங்க கொடுக்க வேண்டியது சரி. உங்களுக்கு வர வேண்டியது?'

அப்பா நோட்டை வெளியே எடுக்கவே இல்லை. 'அதை எழுத வேண்டாம் சார்' என்றார்.

வர வேண்டிய கடனும் சொத்துதான் என்று ஐயா விளக்கினார். மனு ஏற்கப்பட்டால் சொத்தெல்லாம், அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் அபிஷியல் ரிசீவர் கைக்குப் போகும். நோட்டில் பெயர் உள்ளவர்களிடம் அவர் வசூலிப்பார். கணக்குப் புத்தகத்தை ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில். அப்பா கேட்டார்: 'கோர்ட்ல இருந்து அவங்க வீட்டுக்கு ஆள் போனா, நான் அந்த ஊருக்குள்ள எப்படி சார் போறது? இலை விலை விழுந்ததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?'

'எழுதலேன்னா மனு இல்ல அண்ணே. பொய்ப் பட்டியல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.'

அப்பா எழுந்துவிட்டார். ஐயா உட்காரச் சொன்னார். மனு வேண்டாமென்றால் வேறு வழி பார்க்கலாம் என்றார்.

அடுத்த வாரம் எங்களோடு பஸ்ஸில் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினார். மொத்த வியாபாரியின் கடைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பக்கக் கணக்கையும் காட்டினார். 'இவர் ஐ.பி. போட்டா ரிசீவர் செலவு போக ரூபாய்க்குப் பத்துப் பைசா வந்தா உண்டு, அதுவும் சில வருஷம் கழிச்சு. வட்டியை விட்டுட்டு அசலை மாசாமாசம் வாங்கிக்கிறீங்களா?' அந்த வியாபாரி கோபக்காரர்தான், ஆனால் கணக்குத் தெரிந்தவர். சரி என்றார். அப்பா கடைசி ரூபாய் வரை கட்டினார். தண்டல்காரரிடம் ஐயா கேட்டது ஒரே கேள்வி: '1957ஆம் வருஷத்துச் சட்டப்படி கடன் கொடுக்க லைசென்ஸ் வேணும், உங்ககிட்ட இருக்கா?' கொடுத்த அசலுக்கு மேல் ஏற்கெனவே வாங்கியிருந்தார். அப்புறம் அவர் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை.

நோட்டில் இருந்தவர்களில் சிலர் விலை ஏறியதும் கொண்டுவந்து கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. அப்பா யாரையும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று ஐயா என்னைப் பார்த்து 'டைப்பிங் தெரியுமா, தமிழா இங்கிலீஷா?' என்று கேட்டார். இரண்டும் என்றேன்.

செப்டம்பர் 18, கொஞ்ச நேரம் கழித்து

மளிகைக் கடை என்றதும் ஞாபகம் வந்தது. நொடித்தவர், அதாவது திவாலானவர் என்று கோர்ட் அறிவித்த ஆள், கடனிலிருந்து விடுவிக்கும் விடுதலை ஆணை வாங்கும்வரை, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம், ஆறு மாதம் வரை தண்டனை. இதுவும் 1920ஆம் வருடத்துத் தொகைதான். இன்றைக்கு அரை கிலோ துவரம் பருப்பைக் கடனில் வாங்கினாலே அதைத் தாண்டிவிடும். யாரையும் இதற்காக உள்ளே போட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஐயா ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். 'கடைக்காரர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டு வாங்குங்க' என்பார்.

செப்டம்பர் 21

சொத்தை மறைத்துக் கோர்ட்டை ஏமாற்ற ஐயா உதவினார் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 'வீட்டைப் போன மாசமே சம்சாரம் பேருக்கு எழுதி வச்சிட்டேன் சார், இனி தைரியமா ஐ.பி. போடலாம்' என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். 'போய் திருப்பி எழுதிக்கிட்டு வாங்க' என்பார். திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தால், மனு போடுவதற்கு முந்தின இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக் கொடுத்ததைக் கோர்ட் ரத்து செய்யலாம். கடைசி மூன்று மாதத்தில் வேண்டப்பட்ட ஒருவருக்கு மட்டும் முழுசாகக் கட்டியதும் அப்படித்தான். அப்படி வந்தவர்களில் பாதிப்பேர் திரும்ப வருவதில்லை. வேறு யாரிடமாவது போயிருப்பார்கள்.

ஜெயில் பயம் பற்றிக் கேட்டவருக்கு: பணத்துக்கான டிகிரியில் (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பில்) பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆண்களையும் 2,000 ரூபாய் வரையான டிகிரிக்குச் சிவில் ஜெயிலில் வைக்க முடியாது. 5,000க்கு மேல் என்றாலும் அதிகபட்சம் மூன்று மாதம். வசதி இருந்தும் கட்டாதவனுக்குத்தான் அது, இல்லாதவனை ஏழ்மைக்காக உள்ளே வைக்கக் கூடாது என்று 1980இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொன்னார். ஐயா அதை மனப்பாடமாகச் சொல்வார். கோர்ட் அமீனா வந்து பாத்திரம், பாய், தாலி, மண்வெட்டியைத் தூக்குவான் என்று மிரட்டினால் நம்பாதீர்கள். அவற்றை ஜப்தி செய்ய முடியாது. விவசாயியோ கூலிக்காரரோ தான் குடியிருக்கும் சொந்த வீட்டையும் அதே பிரிவு காக்கும், அடமானம் வைக்காமல் இருந்தால்.

செக் கேஸ் வேறு. ஐ.பி. போட்டால் செக் கேஸ் போய்விடும் என்பது தவறு. பூர்த்தி செய்யாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செல்லாது என்பதும் தவறு, 2019இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜாமீன் போட்டவருக்கும் விடுதலை இல்லை. கடன் வாங்கின அண்ணனைக் கோர்ட் விடுவித்தாலும் ஜாமீன் கையெழுத்துப் போட்ட தம்பியைப் பேங்க் விடாது. இதைக் கேட்டதும் மனுவே வேண்டாம் என்று எழுந்து போன அண்ணன்களைப் பார்த்திருக்கிறேன். ஐயாவுக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

ஒரு சிரிப்பும் இருக்கட்டும். ஊட்டியின் பழைய சிவப்புக் கோர்ட் கட்டடத்தில் ஜனவரி மாதம் ஒரு விசாரணை. கூண்டில் நின்ற கடன்பட்டவருக்குக் கை நடுங்கியது. 'பாருங்கள், பொய் சொல்வதால் நடுங்குகிறார்' என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். ஐயா எழுந்து தன் இரண்டு கையையும் நீட்டி, 'நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல, எனக்கும் நடுங்குதுங்க' என்றார். நீதிபதி ஹீட்டரை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்.

செப்டம்பர் 24

பட்டா இல்லாததால்தான் வட்டிக்காரரிடம் போகிறோம் என்று கூடலூர்க்காரர் சொன்னது முழுக்க உண்மை. பழைய ஜன்மி நிலவுடைமையை ஒழிக்கும் ஜன்மம் நிலச் சட்டம் 1969இல் வந்தும் அங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு இன்னும் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்குப் பேங்க் கடன் கொடுக்காது. அப்புறம் வாரவட்டி, மீட்டர் வட்டிதான். 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தபோது ஐயா அதன் தமிழ் நகலை எடுத்து கூடலூர், பந்தலூர் ஆட்களிடம் கொடுத்து அனுப்பினார். மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம் என்பதை அடிக்கோடிட்டுக் கொடுப்பார். போலீசில் புகார் கொடுத்தவர்கள் குறைவு. அந்தக் காகிதத்தை வட்டிக்காரரிடம் காட்டியவர்கள் அதிகம். அதுவே சில இடங்களில் போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 28

கட்டபெட்டு வாசகரின் அம்மாயிக்கு வருகிறேன்.

ஐ.பி. மனுவில் கடன் கொடுத்தவர்கள் பட்டியல் அடிக்கும்போது வங்கி, சொசைட்டி, பைனான்ஸ் என்று முதலில் வரும். கடைசியில் பெண் பெயர்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார். எதிரே 'கைமாற்று' என்று எழுதி, பத்திர விவரம் என்ற இடத்தில் 'இல்லை' என்று அடிப்பேன். எழுத்தே இல்லாத அந்தக் கடன்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஐயா பிடிவாதமாக இருப்பார். சேர்த்தால்தான் அவர்களுக்கும் பங்கு கிடைக்கும் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்கு. ஆனால் நடந்தது என்ன? கோர்ட் முத்திரை போட்ட கவர் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்கள் பயந்துபோனார்கள். தங்கள் மேல் கேஸ் என்று நினைத்தவர்கள் உண்டு. பணம் போச்சு என்று அழுதுவிட்டுக் கவரைப் பெட்டியில் வைத்தவர்கள் உண்டு.

உண்மையில் அவர்கள் கோர்ட்டுக்கு வரக்கூட வேண்டியதில்லை. இவ்வளவு வர வேண்டும் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியே கடனை நிரூபிக்கலாம், சட்டத்தில் இருக்கிறது. அதை யார் போய்ச் சொல்வது? ஐயா கடன்பட்டவருடைய வக்கீல். எதிர்த்தரப்புக்கும் அவரே எழுதிக் கொடுக்க முடியாது. 'நோட்டீஸ் போறதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க கவுடரே' என்று கட்சிக்காரரிடம் சொல்வார். போனவர்கள் சிலர். முகம் கொடுக்க முடியாமல் போகாதவர்கள்தான் அதிகம்.

அப்படியே நிரூபித்தாலும் அடமானம் பிடித்த வங்கி தன் சொத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் மற்றவர்களுக்கு விகிதப்படி. நம்பிக் கொடுத்தவருக்குத்தான் கடைசிச் சில்லறை.

ஐயாவின் மேஜையில் கடன்பட்டவரின் முகம்தான் தெரியும். கடன் கொடுத்த பாட்டியை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை, எனக்கு அவர் ஒரு டைப் அடித்த வரி. உங்கள் அம்மாயியின் கோபம் நியாயமானது. ஐயாவை நான் நேசிப்பதும் குறையவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று இந்த இரண்டு வாரமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அந்த நோட்டீஸ் இன்னும் இருந்தால் அதில் ஐ.பி. நம்பர் இருக்கும். ஊட்டி காக்காதோப்பு கோர்ட்டில் நகல் மனு போட்டு அந்தக் கேஸ் என்ன ஆனது என்று பாருங்கள்.

அக்டோபர் 3

ஐயா பீஸ் வாங்குவாரா என்று இடையில் கேட்டவருக்குச் சுருக்கமாக: வாங்குவார். ஸ்டாம்ப், டைப்பிங், கோர்ட் செலவு முதலில். தன் பீஸைக் கடைசியாக, முடிந்தபோது. கடன் பட்டியலில் தன் பெயரையும் ஒரு வரியாக எழுதிவிடாதீர்கள் என்று சிரிப்பார்.

அக்டோபர் 5

ஐயா போஸ்ட் கார்டு போடும் விஷயத்தை யாரோ ஞாபகப்படுத்தினீர்கள், நன்றி. மனு போட்டு, கோர்ட் ஏற்றுக்கொண்டதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கோர்ட் குறித்த காலத்துக்குள் விடுதலை ஆணை கேட்டு இன்னொரு மனு போட வேண்டும். போடாவிட்டால் முந்தின ஆணையையே ரத்து செய்துவிடுவார்கள், கடன் எல்லாம் பழையபடி உயிர்பெறும். அதற்காகத் தனி டைரி வைத்து, தேதி நெருங்கும்போது ஆளுக்கு ஒரு 50 பைசா கார்டு போடுவார். அதில் கேஸ், கோர்ட், கடன் என்ற வார்த்தையே இருக்காது. 'உங்கள் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. ஊட்டி வரும்போது வந்து போகவும்.' அவ்வளவுதான். கார்டு கைக்குக் கை மாறி டீக்கடையில் வாசித்த பிறகுதான் வீட்டுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 19

கட்டபெட்டு வாசகர் நகல் எடுத்துவிட்டார். அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

வக்காலத்து ஐயாவுடையதுதான். மனு போட்டு, நோட்டீஸ் எல்லாம் போன பிறகு கடன் வாங்கியவர் வாய்தாவுக்கு வரவே இல்லை. மனு தள்ளுபடி. நொடித்தவர் என்று கோர்ட் அறிவிக்கவே இல்லை. அதாவது அம்மாயியின் 20,000 ரூபாயை எந்தக் கோர்ட்டும் அழிக்கவில்லை. அவர் அடுத்த நாளே வழக்குப் போட்டிருக்கலாம். நோட்டீஸ் வந்தாலே கடன் செத்தது என்று நம்பி வீட்டில் இருந்துவிட்டார்கள். கைமாற்றுக்குக் காலவரம்பு மூன்று வருடம், அது கடந்துவிட்டது.

இது எனக்குப் புதிதில்லை. நோட்டீஸ் மட்டும் போனால் போதும், கடன் கொடுத்தவர்கள் தானாக ஒதுங்கிவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டு காணாமல் போகிற கட்சிக்காரர்கள் இருந்தார்கள். ஐயாவுக்கும் தெரியும். அன்றைக்கெல்லாம் யாரிடமும் பேச மாட்டார், கேஸ் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருப்பார். கட்சிக்காரரைப் பற்றி வெளியே சொல்ல வக்கீலுக்கு உரிமை இல்லை. அடுத்தடுத்து வந்தவர்களிடம் 'கடைசி வரைக்கும் வருவீங்களா?' என்று இன்னும் அழுத்தமாகக் கேட்பார், அதுதான் அவரால் முடிந்தது. எனக்கு அது போதவில்லை என்று இப்போது படுகிறது. வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

அவரது மகனிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று வாசகர் கேட்கிறார். கடன் வாங்கியவரின் மகனைச் சொல்கிறார். கேளுங்கள். காலவரம்பு கடந்த கடனையும் ஒருவர் விரும்பிக் கொடுக்கலாம், கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். நகலைக் கையோடு எடுத்துப் போங்கள், சத்தம் போடாதீர்கள்.

அக்டோபர் 20

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி நேற்று எழுதியிருக்கிறார்: அக்காவுக்கு மூன்று குழுக் கடன், அதைக் கட்ட லோன் ஆப்பில் எடுத்தது வேறு. வாரத் தவணைக்காரர்கள் ராத்திரியில் வாசலில் உட்காருகிறார்கள், ஐயாவும் இல்லை, யாரிடம் போவது என்கிறார்.

தம்பி, அக்காவை உட்கார வைத்து 'யார் யாருக்கு?' என்று கேட்டு எழுதுங்கள். வேற, வேற என்று கேட்டுக்கொண்டே இருங்கள், திட்டாமல். குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது: வீட்டு மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணையாகப் போகக் கூடாது. குழுக் கடன் வசூல் ஆட்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும், மற்றக் கடன்களுக்கு வங்கி, பைனான்ஸ் கம்பெனிகளின் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக இந்த 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வாசலில் உட்காருகிறவரின் பெயரையும் கம்பெனியையும் தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பிறகு அக்காவை ஊட்டி கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். போன் செய்ய 15100. குழு அட்டைகள், ஆப் தவணை வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார், அடகுச் சீட்டு இருந்தால் அதுவும் வேண்டும். புதிதாக எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் வேண்டாம். பட்டியலை டைப் அடிக்க ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.